யோனிப் பூச்சுப் பரிசோதனையும் வேட்கைச் சக்கரமும்

மனிதப் பெண்ணின் மாதவிடாய்ச் சக்கரம் ஏறத்தாழ 28 நாட்களைக் கொண்டது என்பதை நீங்கள் கற்றுள்ளீர்கள். எலி, கினிப்பன்றி ஆகியவற்றில் மாதவிடாய் இல்லை. வேட்கைச் சக்கரமே நடைபெறுகின்றது. இது எலியில் 4 – 5 நாட்களும் கினிப்பன்றியில் ஏறத்தாழ 16 நாட்களும் ஆகும்.

குருதி வெளியேறாதபோது, விலங்கு சக்கரத்தின் எந்நிலையில் உள்ளது என எவ்வாறு அறிவது? முன்னர் விலங்கைக் கொன்று சூலகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. யோனித் திரவத்தில் சிறிதளவை நுணுக்குக்காட்டியில் அவதானித்தாலே போதும் என 1917 இல் நியூயோர்க்கில் ஸ்டொக்கார்ட், பாப்பனிக்கொலௌ ஆகியோர் கினிப்பன்றியில் காட்டினர்.

எலியில் மாதிரி பெறும் முறை

1. எலியின் உடலைத் தாங்கி மெதுவாகப் பிடிக்க வேண்டும்.
2. சுத்தமான துளிசொட்டியில் 0.9% உப்புக் கரைசலைச் சில துளிகள் எடுக்க வேண்டும்.
3. அதன் நுனியை மட்டும் யோனித் துவாரத்தில் வைத்து, கரைசலைச் செலுத்தி மீள உறிஞ்ச வேண்டும்.
4. ஒரு துளியை வழுக்கியில் இட்டு அவதானிக்க வேண்டும்.
5. நாள்தோறும் ஒரே நேரத்தில் இதனைச் செய்ய வேண்டும்.

கவனிக்க: நுனியை ஆழமாகச் செலுத்தினால் கருப்பைக் கழுத்து தூண்டப்பட்டு, எலி பொய்க் கர்ப்ப நிலையை அடையலாம். அப்போது சக்கரம் தடைப்படும். பெறப்படும் முடிவும் பயனற்றதாகும். இது ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியுடன் பயிற்சி பெற்றோர் மாத்திரம் செய்யும் வேலையாகும். பாடசாலையில் செய்தல் ஆகாது.

அவதானமும் முடிவும்

• முன்வேட்கை – கருவுடைய மேலணிக் கலங்கள்
• வேட்கை – கருவற்ற தட்டையான கலங்கள்
• பின்வேட்கை – கருவற்ற கலங்களும் வெண்குருதிக் கலங்களும்
• இடைவேட்கை – பெரும்பாலும் வெண்குருதிக் கலங்கள்

காரணம்: ஈஸ்திரஜன் அதிகரிக்கும்போது யோனிச் சுவர் தடிப்படைகின்றது. மேற்பரப்புக் கலங்கள் கருவை இழந்து, கெரற்றின் நிரம்பி உதிர்கின்றன. எனவே, உதிர்ந்த கலங்கள் ஓமோன் மாற்றத்தைக் காட்டுகின்றன.

பயன்

பாப்பனிக்கொலௌ இதே முறையைப் பெண்களிலும் பயன்படுத்தினார். மாதிரிகளில் புற்றுநோய்க் கலங்களைக் கண்டு 1928 இல் அறிவித்தார். அதிலிருந்து உருவானதே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முற்கூட்டியே அறிய உதவும் 'பாப்' பரிசோதனை. இலங்கையில் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களிலும் இது செய்யப்பட்டு வருகின்றது. நோய் ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டால் உயிரைக் காப்பாற்றலாம்.

மாதிரி வினா

எலியொன்றின் மாதிரியில் கருவற்ற தட்டையான கலங்கள் மாத்திரம் காணப்பட்டன.
(அ) எந்நிலை?
(ஆ) அதே நிலையை மீண்டும் எத்தனை நாட்களில் எதிர்பார்க்கலாம்?

விடை: (அ) வேட்கை (ஆ) 4 – 5 நாட்கள்