‘அது’ன்னா எது?

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் விருதுநகர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் கையில் மாலைப் பேப்பர்.

“இந்த லஞ்சம் இருக்கு பாருங்க அண்ணாச்சி, நாட்டைப் பிடிச்ச கேன்சர்! வெட்டி எறிஞ்சாத்தான் உருப்படும்!”

ஸ்டாண்டுக்கே கேட்கிற குரல். கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி விசாரித்தார்: “உங்க மதினிக்கு உடம்புக்கு என்னவாம்?”

குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “மதுரைல காட்டினோம்... அதுதானாம்.”

“எது?”

“அதுதான் அண்ணாச்சி... அது.”

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். நாட்டுக்கு வந்தால் கேன்சர்; வீட்டுக்கு வந்தால் ‘அது’!

பேர் சொல்லாமல் பேசுவது நமக்குப் புதுசில்லை. விஷப் பாம்புக்கு ‘நல்ல பாம்பு’ என்று பேர். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று வேப்பிலை செருகி, இறங்கினதும் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனைக் கும்பிட்டு வருவோம். ஆனால் அதிலெல்லாம் ஒரு மரியாதை இருக்கிறது. ‘அது’வில் பயம் மட்டும்தான். கொஞ்சம் நாகரிகமானவர்கள் “அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க” என்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் இந்த நோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை மறக்காத அவர் முயற்சியில் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. பலனாக ஒரு பேட்டையின் பெயரே வியாதிக்குப் பெயராகிவிட்டது. அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மன்னிக்கவும்!

இங்கிலீஷ்காரன் மட்டும் என்ன? கேன்சர் என்றால் லத்தீனில் நண்டு. சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க மருத்துவர்கள் இந்தக் கட்டிக்கு நண்டின் பெயரை வைத்தார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக் குழாய்கள் நண்டுக் கால் மாதிரி இருந்தனவாம். நமக்கு அது கரையான் புற்றாகப் பட்டது. கடக ராசிக்கும் இங்கிலீஷில் கேன்சர்தான். அதை அச்சடிக்கக் கூசி, ‘சந்திரனின் பிள்ளைகள்’ என்று மாற்றி எழுதிய அமெரிக்க ஜோசியரும் உண்டு.

அதே அமெரிக்காவில்தான் 1973 மார்ச்சில், வாட்டர்கேட் விவகாரம் முற்றிய சமயம், ஜான் டீன் என்ற ஆலோசகர் ஜனாதிபதி நிக்சனிடமே, உங்கள் பதவியை ஒட்டி ஒரு கேன்சர் வளர்கிறது என்று சொன்னார். பஸ் ஸ்டாண்ட் ஆசாமி சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே! மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சூசன் சொன்டாக் என்ற எழுத்தாளர், கெட்டதற்கெல்லாம் இந்த நோயை உவமை சொன்னால் நோயாளி என்ன ஆவான் என்று 1978-ல் ஒரு புத்தகமே போட்டார். நியாயம்தான். ஊழலுக்கும் தனக்கும் ஒரே பேர் என்றால் படுக்கையில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்?

நம் சினிமா ஒரு காலத்தில் தைரியமாக இருந்தது. 1962-ல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் புற்றுநோய்க்காரர் பிழைக்கிறார், டாக்டர்தான் சாகிறார். இருபது வருஷம் கழித்து ‘வாழ்வே மாய’த்தில் கதாநாயகன் வியாதியைக் காதலியிடம் மறைக்கக் கெட்டவனாக நடிக்கிறான். அன்றிலிருந்து மறைப்பதே தியாகம் என்று ஆகிவிட்டது.

பெயருக்கு இருக்கிற பலம் டாக்டர்களுக்கும் தெரியும். 2016-ல் சர்வதேச நிபுணர்கள் கூடி, பெரும்பாலும் பரவாத ஒரு வகைத் தைராய்டு கட்டியின் பெயரிலிருந்து புற்றுநோயைக் குறிக்கும் சொல்லையே எடுத்துவிட்டார்கள். பெயரைக் கேட்டு மிரண்டு, வேண்டாத சிகிச்சைக்கெல்லாம் ஆட்கள் உட்படுகிறார்களே என்று! ஆனால் அவர்கள் பெயரை எடுத்தது ஆபத்தில்லாத கட்டிக்கு. நாம் எடுப்பது ஆபத்தானதற்கு.

எங்கள் பெரியம்மாவையே சொல்கிறேன். இருபது வருஷம் பட்டாசு வேலை. எங்கள் பக்கத்தில் ‘மருந்து’ என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. வெடிக்குள் அடைக்கிற சமாசாரம்தான் ஞாபகம் வரும். மார்பில் கட்டி தட்டுப்பட்டு எட்டு மாசம் வாயே திறக்கவில்லை. பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம், ‘அது’ உள்ள வீடு என்று தெரிந்தால்? முன்பே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கலாம் என்றார் டாக்டர். நாங்களும் லேசுப்பட்டவர்களா? “சாதாரணக் கட்டிதான் பெரியம்மா” என்று ஆளுக்கொரு பொய். ‘கரண்ட்’ வைத்தார்கள், ‘மருந்து’ ஏற்றினார்கள்.

மூன்றாவது தடவை போனபோது அவரே சிரித்தார். “ஏன்டா, வாசல்ல ‘புற்றுநோய்ப் பிரிவு’ன்னு தமிழ்லதானே எழுதிப் போட்டிருக்கான்? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீகளா? இருபது வருசம் குழாய்க்குள்ள மருந்தை நான் அடைச்சேன். இப்ப எனக்குள்ள அடைக்காக, அம்புட்டுத்தானே!”

போன மாசம் மறு பரிசோதனைக்காகச் சென்னை போக, விருதுநகர் ஜங்ஷனில் டிக்கெட் எடுக்க நின்றோம். சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் கிடையாது; ஆஸ்பத்திரிச் சான்று இருந்தால் போதும். நான் பேப்பரை உள்ளே தள்ளி, “சார்... கன்செஷன்...” என்று முனகினேன்.

“என்ன கன்செஷன்?”

எனக்கு நாக்கு எழவில்லை. வரிசையில் பின்னால் இருபது பேர்.

பெரியம்மா என்னை ஒதுக்கிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார். “கேன்சர் சாமி, கேன்சர்! சன்னலோரமா ஒரு சீட்டுப் போட்டுக் குடுங்க.”