அதீத உளவியல் – ஒரு கல்வித்துறையாக

பிறர் மனத்தில் உள்ளதை அறிதல், தொலைவில் நடப்பதைப் புலன்களின் துணையின்றி உணர்தல் ஆகியவை உண்மைதானா என்று சோதிக்கும் துறை அதீத உளவியல். ஆங்கிலத்தில் பாராசைக்காலஜி என்பர். பேயோட்டுவதும் ஜோதிடம் பார்ப்பதும் இதில் சேரா.

இதன் தொடக்க கால ஆய்வு ஒன்று சென்னை அடையாறில் நடந்தது. அங்குள்ள பிரம்மஞான சபையில், பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு மகான்களின் கடிதங்கள் அற்புதமாக வந்து சேர்வதாகக் கூறப்பட்டது. லண்டன் உளவியல் ஆய்வுச் சங்கம் 1884 இறுதியில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பியது. சாட்சிகளையும் கையெழுத்தையும் ஆராய்ந்த அவர், அது மோசடி என 1885இல் அறிக்கையளித்தார். 1986இல் அதே சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் அந்த அறிக்கையைக் கடுமையாக மறுத்தார். நடந்து முடிந்ததை மீண்டும் நடத்திப் பார்க்க இயலாததே இச்சிக்கலுக்குக் காரணம்.

எனவே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1930களில் சீட்டுச் சோதனைகளை நடத்தினார். ஐந்து குறிகள், 25 சீட்டுகள். வெறும் ஊகத்திலேயே சராசரியாக 5 சரியாக வரும். 8 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் அற்புதமா? இல்லை, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் தற்செயலாகவே அது வாய்க்கும்.

ரைனுடன் பணியாற்றிய கே. ராமகிருஷ்ண ராவ், 1967இல் விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் துறை தொடங்கினார். ஆயினும், முடிவுகள் பிற ஆய்வகங்களில் உறுதியாக மீண்டும் கிடைக்காததால், அறிவியலாளர் பெரும்பாலோர் இவ்வாற்றல்களை ஏற்பதில்லை.

ஆர்வமுள்ள மாணவர்கள் முதலில் உளவியலும் புள்ளியியலும் பயில வேண்டும். அவ்விரண்டும் இல்லாத சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவது வீண்.