ஏலக்காய் வணிகரும் இணையதளமும்

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு ஏலக்காய் வாணிபத்திற்குப் பெயர் பெற்றது. அருகே புற்றடியில், நறுமணப் பொருள் வாரியத்தின் பூங்காவில் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. ஏலமெடுப்போர் காயைத் தரம்பிரித்துக் கலந்து அனுப்புவதால் விளைவித்தவரின் பெயர் நுகர்வோரை எட்டுவதில்லை. சிப்பமிட்டு நேரடியாக விற்கும் சிறு வணிகருக்கு இணையதளமே பெயர்ப்பலகையாகும்.

ஆயினும், தளம் அமைத்த அளவில் வாடிக்கையாளர் வந்துவிடுவதில்லை. பக்கத் தலைப்பில் வாங்குவோர் தேடும் சொற்களே இடம்பெற வேண்டும். ‘தரமான பொருள்’ என்று எவர் தேடுவார்? ‘8 மில்லிமீட்டர் பச்சை ஏலக்காய்’ என்றே தேடுவர். கூகுள் நிலப்படத்தில் கடையைப் பதிவுசெய்யக் கட்டணமில்லை.

எல்லாவற்றினும் எளிய வழி சிப்பமே. தேக்கடிக்கு வரும் பயணி அதனைத் தம் ஊர்ச் சமையலறைக்கே கொண்டு செல்கிறார். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அச்சிடுவது எவ்வாறாயினும் கட்டாயம். அதனடியில் தள முகவரியையும் சேர்க்கப் பெருஞ்செலவு ஏதுமில்லை.