டர்போ காரின் இன்ஜின் அறையை வீட்டிலேயே புதுப்பிக்கலாமா? பானட்டுக்குள் எதைத் தொடலாம், எதில் கை வைக்கக் கூடாது?

முப்பது விநாடி ரீல்ஸ். முதல் காட்சியில் புழுதியும் ஆயில் கறையுமாக ஓர் இன்ஜின். அடுத்த காட்சியில் சிவப்பு வால்வு கவர், நீல நிற சிலிக்கான் ஹோஸ், கண்ணாடி மாதிரி மின்னும் பைப். நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் வெட்டிவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பானட்டைத் தூக்கி நிறுத்துபவர்கள் இப்போது அதிகம். "ஒரு வாஷ், ஒரு ஸ்ப்ரே பெயின்ட், அவ்ளோதானே?"

சாதாரண இன்ஜின் என்றால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டர்போ இன்ஜின் என்றால் இல்லை. அங்கே அழகுக்காகச் செய்யும் பல வேலைகள் நேரடியாக வெப்பத்தோடு விளையாடுபவை. அதே சமயம், பொறுமையாகச் செய்தால் பெரிய செலவை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தருவதும் இதே வேலைதான்.

டர்போவில் அப்படி என்ன வித்தியாசம்?

செகண்ட் ஹேண்ட் சந்தையில் கிடைக்கும் ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு அருகே மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2013-ல் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் பெட்ரோல் டர்போ இன்ஜினோடும் வந்தது. மூன்றே சிலிண்டர், 999 சிசி. ஆனால் 125 பிஎஸ் சக்தி. இன்ஜின் பிளாக்கை ஒரு ஏ4 தாளின் மேல் நிறுத்திவிடலாம் என்றுதான் ஃபோர்டு பெருமையாகச் சொன்னது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையும் ஓய்ந்தது. பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன இன்ஜினில் இவ்வளவு சக்தி வரக் காரணம் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. எக்கோபூஸ்ட்டின் டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை போகும். அதாவது விநாடிக்கு 4,000 முறைக்கு மேல். பெட்ரோல் டர்போக்களில் உள்ளே வரும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

ஆக, பானட்டுக்குள் ஓர் அடுப்பு எரிகிறது. அதற்குச் சில அங்குலம் தள்ளி ரப்பர் குழாய், பிளாஸ்டிக் கிளிப், வயர் என உருகக்கூடிய எல்லாம் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் அசிங்கமான தகரத் தடுப்பு, வெள்ளி நிற உறை, கறுப்புப் பஞ்சு எல்லாம் சும்மா வைத்ததில்லை. 'லுக்கைக் கெடுக்குது' என்று முதலில் கழற்றப்படுவதும் அவைதான்.

முதல் வேலை கழுவுவது. ஆனால் எப்படி?

ஓட்டிவிட்டு வந்த கையோடு தண்ணீர் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. நெருப்பாகக் கொதிக்கும் வார்ப்பிரும்பு டர்போ மீது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், தொட்டால் சூடு தெரியக் கூடாது. முந்தைய நாள் இரவே காரை நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குவது நல்லது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் இதற்குப் பிறகு ஆடியோ கோடு, பவர் விண்டோ செட்டிங் எல்லாம் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். மேனுவலை ஒரு முறை பார்த்துக்கொள்ளவும். ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், இசியு, ஏர் ஃபில்டரின் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் கவரால் மூடி டேப் சுற்றுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கனெக்டர்களுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். மூன்று வாரம் கழித்து 'செக் இன்ஜின்' விளக்கு எரியும்போது யாருக்கும் காரணம் புரியாது. டிகிரீசர், பழைய டூத் பிரஷ், ஈரத்துணி, கை ஸ்ப்ரேயர் போதும். நேரம் ஆகும்தான். ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும்.

ஆனால் துணியைக் கொண்டு துடைப்பதற்கு முன் போனில் ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு அல்ல, எல்லாக் கோணத்திலும். எந்தக் குழாய் எங்கே போனது என்பது மட்டுமல்ல விஷயம். அழுக்கு ஒரு வரைபடம். எந்த இடத்தில் புழுதி ஈரமாக ஒட்டியிருக்கிறதோ அங்கிருந்துதான் ஏதோ கசிகிறது. அதைத் துடைத்துவிட்டால் தடயமும் போச்சு. செகண்ட் ஹேண்ட் கார் விற்பவர்கள் இன்ஜினைப் பளபளவெனக் கழுவித் தருவது எப்போதும் அன்பினால் அல்ல என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

அழுக்குக்குக் கீழே என்ன தேட வேண்டும்?

வீட்டில் செய்யும் இந்த வேலையின் உண்மையான லாபம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

முதலில் கூலன்ட் குழாய்கள். ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல குழாய் ரப்பர் பந்து போல அமுங்கித் திரும்பும். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, வெந்த பஜ்ஜி மாதிரி உப்பியிருந்தாலோ மாற்ற வேண்டிய நேரம். இணைப்புகளில் காய்ந்த உப்பு போல வெள்ளையாகவோ, கூலன்ட்டின் நிறத்திலோ படிவு தெரிந்தால் கசிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சின்ன டர்போ இன்ஜினில் கூலன்ட்டின் அளவும் குறைவு, மன்னிப்பும் குறைவு. நெடுஞ்சாலையில் ஒரு குழாய் வெடித்து, அதைக் கவனிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். பத்து வயதுக் காரில் அந்தப் பில், சில நேரம் காரின் விலையோடு போட்டி போடும். சில நூறு ரூபாய்க் குழாய்க்காக.

இன்ஜின் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. முகத்தில் அடிக்கும். கீழே சிந்திய கூலன்ட்டை உடனே கழுவுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நக்கும் நாயையோ பூனையையோ கொன்றுவிடும். பார்க்கிங்கில் வேலை செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து காற்றுக் குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த குழாய்கள் இவை. உள்ளே லேசான ஆயில் படலம் இருப்பது சகஜம். ஆனால் இணைப்பின் வெளியே ஆயில் தூவியது போல இருந்தால் அழுத்தக் காற்று அங்கே கசிகிறது. 'முன்ன மாதிரி பிக்கப் இல்லையே' என்று புலம்புகிற பல கார்களின் நோய், தளர்ந்த ஒரு க்ளாம்ப்தான்.

பிறகு வயரிங். எலியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். மழைக்காலத்தில் சூடான இன்ஜின் மேல் வந்து படுத்து, வயரின் உறையைக் கொறித்துவிட்டுப் போகும். அதற்காகப் பானட்டுக்குள் புகையிலையைக் கட்டி வைப்பவர்களும் உண்டு. செம்பு தெரியும் வயர் எதுவாக இருந்தாலும் அன்றே சரிசெய்ய வேண்டும். வீட்டு வேலைக்குப் பயன்படும் கறுப்பு பிவிசி டேப்பைச் சுற்றாதீர்கள். இன்ஜின் சூட்டில் பசை இளகி வழிந்துவிடும். கார் வயரிங்குக்கென்றே துணி டேப் கிடைக்கிறது. முந்தைய உரிமையாளர் எல்இடிக்காகவோ ஹார்னுக்காகவோ வெட்டி ஒட்டிய இணைப்பு, ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரிக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் முதலில் அதைக் கழற்றுங்கள். கார் தீ விபத்துகளுக்கு இத்தகைய ஒட்டு வேலையும் ஒரு காரணம்.

எக்கோபூஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூடுதலாக. இதன் டைமிங் பெல்ட் இன்ஜினுக்குள் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். தவறான ஆயில், தாமதமான ஆயில் மாற்றம், 'உள்ளேயும் சுத்தம் பண்ணிடலாம்' என்று ஊற்றும் ஃப்ளஷ் ரசாயனம் ஆகியவை பெல்ட்டின் ரப்பரைப் பாதிக்கலாம். உதிரும் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது டர்போ.

பெயின்ட் அடிக்கலாமா?

தாராளமாக. வால்வு கவர், பிராக்கெட், பேட்டரி தாங்கி, ஸ்ட்ரட் முனை எல்லாம் வீட்டு வேலைக்கு ஏற்றவை. கழற்றிய போல்ட்டுகளை இடம் எழுதிய ஜிப் கவர்களில் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் முடிவில் நான்கு போல்ட் மிஞ்சுகிறது.

வேலையின் முக்கால் பங்கு பெயின்டுக்கு முன்பே முடிந்துவிடும்: கிரீஸ் போகக் கழுவுவது, உப்புத்தாள் தேய்ப்பது, கேஸ்கெட் உட்காரும் விளிம்பை மாஸ்கிங் டேப்பால் மறைப்பது. அந்த விளிம்பில் பெயின்ட் பட்டால் ஆயில் கசியும். சுருக்கம் சுருக்கமாகத் தெரியும் ரிங்கிள் ஃபினிஷ் வேண்டுமென்றால், ஒரு கோட் நீளவாக்கில், ஒன்று குறுக்கில், ஒன்று சாய்வாக என்று கனமாக அடித்து, மிதமான சூட்டில் காயவைக்க வேண்டும். சமையல் ஓவனைத் தொடாதீர்கள், அந்தப் புகை சாப்பாட்டுக்கு ஆகாது. கவர் பிளாஸ்டிக் என்றால் சூடு காட்டும் பேச்சே இல்லை. உலோகம் என்றால் பவுடர் கோட்டிங் யூனிட்டில் கொடுத்துவிடுவது இன்னும் உழைக்கும்.

டர்போவின் மீதும் அதன் வெப்பத் தடுப்பின் மீதும் சாதாரண ஸ்ப்ரே அடித்தால் முதல் நீண்ட பயணத்திலேயே புகைந்து உரியும். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், நாற்றம் அதைவிட மோசம்.

சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் ஆசையைத் தூண்டுபவை

கலர் சிலிக்கான் ஹோஸ் கூலன்ட்டுக்கும் காற்றுக்கும் நல்லது. ஆனால் சாதாரண சிலிக்கான் ஆயிலைத் தாங்காது. ஆயில் ஆவி போகும் இடத்தில் உள்பக்கம் ஃப்ளோரோ சிலிக்கான் பூச்சு உள்ளதைத்தான் போட வேண்டும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாதாரண ஸ்க்ரூ க்ளாம்ப் சிலிக்கானை அறுத்துவிடும், டி-போல்ட் க்ளாம்ப் கேளுங்கள்.

கியர் மாற்றும்போது 'ப்ஷ்ஷ்' என்று காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வு பலருடைய கனவு. உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கும் கார்களில், அளந்த காற்றை வெளியே விட்டால் கணக்கு தப்பும். பெட்ரோல் அதிகமாகி, கார் திணறும். அந்தச் சத்தத்துக்கு இந்த விலையா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டியை எடுத்துவிட்டுப் போடும் திறந்த கூம்பு ஃபில்டரும் இதே ரகம்தான். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும். நம் ஊர் மே மாதத்தில் அது சக்தியைக் கூட்டாது.

மேனிஃபோல்டில் வெள்ளைத் துணி மாதிரி சுற்றும் ஹீட் ரேப்பும் பிரபலம். அதில் ஆயில் சொட்டி ஊறினால் தீப்பற்றும். எக்கோபூஸ்ட்டில் அதற்கு வேலையே இல்லை. அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டு, கூலன்ட்டால் குளிர்விக்கப்படுகிறது. வேறொரு இன்ஜினுக்கான வீடியோவைப் பார்த்து இங்கே வேலை செய்யும்போது இப்படித்தான் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் வால்வு கவரின் நிறத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. சுத்தம் செய்வது, அதே ரக உதிரிபாகம் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் பராமரிப்புதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்ஜினையே மாற்றுவது, பெரிய டர்போ போடுவது, கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது, இசியு ரீமேப் ஆகியவை பெயின்ட் வேலை போன்றவை அல்ல. 'பொல்யூஷன் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சே' என்ற வாதம் உதவாது. அந்தச் சோதனை நின்ற இடத்தில் எடுப்பது, வாகனத்தை மாற்றுவதற்கான அனுமதி அல்ல. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், கார் எரிந்துபோன நாளில் க்ளெய்மை நிராகரிக்கக் காரணமாகலாம்.

திரும்பப் பூட்டும் நாள்

எல்லாம் பூட்டியாச்சு. உடனே ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து வீடியோ எடுக்கத் தோன்றும். வேண்டாம். மூடி வைத்த பாலிதீன் எல்லாம் எடுத்தாச்சா, பெல்ட்டுக்குப் பக்கத்தில் துணி, ஸ்பேனர் எதுவும் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட், ஆயில் அளவு சரியா? டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றியிருந்தால், செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, இன்ஜின் பற்றாத வகையில் சில விநாடி சுற்றவிட்டு ஆயில் டர்போவை அடைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதில் சந்தேகம் இருந்தால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கௌரவம் குறையாது. காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆக்ஸில் ஸ்டாண்ட் இல்லாமல் உள்ளே தலையை விடக் கூடாது.

பத்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். தெருவைச் சுற்றி மெதுவாக ஒரு ரவுண்டு. திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்து, அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவையும், அட்டையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு ஆபீஸுக்கு எடுத்துப் போங்கள்.