நல்லவன் என்று சொல்ல ஒரு சாட்சி

கிரிமினல் வழக்கு என்று வந்துவிட்டால் என் ஆபீசுக்கு முதலில் வந்து சேருவது காகிதக் கட்டுதான். பஞ்சாயத்துத் தலைவரின் லெட்டர்பேடில் ஒரு கடிதம், பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ், ரத்ததான முகாமில் எடுத்த போட்டோ. "வக்கீலய்யா, நம்ம பயலப் பத்தி ஊரே வந்து சாட்சி சொல்லும்" என்பார் தகப்பனார். திருநெல்வேலிப் பக்கம் இத்தனை வருஷம் பிராக்டீஸ் செய்ததில், விசாரணையின்போது அந்தக் கட்டை நான் பிரித்தது அபூர்வம். தண்டனை பற்றிய பேச்சு வரும்போது, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கச் சொல்லிக் கேட்க அது உதவலாம். குற்றம் செய்தானா இல்லையா என்ற கேள்விக்கு உதவாது.

சட்டம் வழி விடாமல் இல்லை. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 47-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நல்ல குணமுள்ளவர் என்று சாட்சியம் அளிக்கலாம். ஆனால் கடிதம் எழுதியவர் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். ஏறினாலும், "கீழே கிடந்த பர்ஸைத் திருப்பிக் கொடுத்த பையன்" என்று கதை சொல்ல முடியாது. தனித்தனிச் செயல்களுக்கு அங்கே இடமில்லை. ஊரில் அவருக்கு என்ன பேர், பொதுவில் அவர் சுபாவம் எப்படி, அவ்வளவுதான். மற்ற நேரத்தில் ஒரு சாட்சி "கேள்விப்பட்டேன்" என்றால் துள்ளி எழுந்து ஆட்சேபிக்கும் நாங்கள், இங்கே ஊர்ப்பேச்சைக் கேட்டு வாங்குகிறோம்!

இங்கிலாந்தில் 1865-இல் ரௌட்டன் வழக்கில், ஊர்ப்பேச்சை மட்டும் சொல், உன் சொந்த அபிப்பிராயம் வேண்டாம் என்று தீர்ப்பானது. ஏழு வருஷம் கழித்து நமக்குச் சட்டம் எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சுபாவத்தையும் சேர்த்துக்கொண்டார். அவர் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. ஆளோடு பழகியவனைவிட ஊருக்கு என்ன தெரியும்?

இனி ஆபத்து. "இவன் கெட்டவன்" என்று அரசுத் தரப்பு தானாகப் பேச முடியாது. நாம் நல்ல குணத்துக்குச் சாட்சி போட்டால், அதற்குப் பதிலாக அவர்களும் பேசலாம். பழைய தண்டனை ஏதும் இருந்தால் எடுத்து வைக்கலாம். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன மைக்கல்சன் வழக்கை ஜூனியர்களுக்கு அடிக்கடி சொல்வேன். வரித்துறை அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. நல்ல மனிதர் என்று சொல்ல ஐந்து சாட்சிகளைக் கொண்டுவந்தார். அரசு வக்கீல் கேட்டார்: திருட்டுப் பொருள் வாங்கியதாக 1920-இல் இவர் கைதானதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் ஊர்ப்பேச்சு தெரியாத சாட்சி. ஆம் என்றால், தெரிந்தும் நல்லவர் என்கிறாரே, எப்படி? எந்தப் பதில் வந்தாலும் 27 வருஷத்துக்கு முந்தைய கைது ஜூரி காதில் விழுந்தாயிற்று. கேள்வி சரியே என்று தண்டனையை உறுதிசெய்துவிட்டார்கள்.

இவ்வளவு துணிந்தும் கிடைக்கும் லாபம் என்ன? நேரடிச் சாட்சியம் வலுவாக இருந்தால் நல்ல பேர் அதன் முன் நிற்காது. பகவான் ஸ்வரூப் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதை மிகப் பலவீனமான சாட்சியம் என்றது. சந்தேகத்துக்கு இடமான வழக்கில் மட்டும் தராசைச் சற்றுச் சாய்க்கலாம் என்றது.

அந்தச் சற்றுதான் சில வழக்குகளில் எல்லாமும். கடையில் கல்லாப் பணம் குறைகிறது. கணக்குப்பிள்ளை எடுத்தார் என்று முதலாளி சொல்கிறார், இல்லை என்று இவர் சொல்கிறார், பார்த்தவர் யாருமில்லை. அங்கே நான் சாட்சி போடுவேன். பஞ்சாயத்துத் தலைவரை அல்ல. ஓட்டுக்காகப் பேசுகிறார் என்று அரசு வக்கீல் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். பக்கத்துக் கடை அண்ணாச்சி போதும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது, இவரோடு கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது, பல வருஷமாக அதே தெருவில் கடை வைத்திருக்க வேண்டும். அவருக்குச் சம்மன் போடுவதற்கு முன் கட்சிக்காரரைத் தனியே உட்காரவைத்து, பழைய கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்பேன். தகப்பனாரை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான். அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் உண்மை வாயில் வராது.