பந்து விழுந்தாலும் அவுட்!

சாப்ட்பால் விளையாடும் பெண் பிள்ளைகளின் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த விளையாட்டில், 'இன்பீல்டு பிளை' என்று ஒரு விதி உண்டு. அதைத் தெரிந்து கொள்ளாவிட்டால், மைதானத்தில் வீண் சண்டைதான் மிஞ்சும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி அணியில் ஆடுகிறாள். சமீபத்தில் நடந்த ஒரு போட்டியில், இவள் இரண்டாவது பேஸில் நின்றாள்; முதல் பேஸில் இன்னொரு பெண். யாரும் அவுட் ஆகவில்லை. எங்கள் அணிப் பெண் அடித்த பந்து, உயரே எழும்பி பிட்சர் பக்கத்திலேயே இறங்கியது. அம்பயர் கையை உயர்த்தி, 'இன்பீல்டு பிளை' என்றார். எதிரணிப் பெண், பந்தைத் தவற விட்டாள். உடனே எங்க பக்கத்துப் பெற்றோர், 'ஓடு, ஓடு'ன்னு கத்த, இவளும் ஓடினாள். மூன்றாவது பேஸுக்குப் போவதற்குள், பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிட்டனர். அடித்தவளும் அவுட்!

'பந்துதான் கீழ விழுந்துடுச்சே... அடிச்சவ எப்படி அவுட்?'ன்னு, அம்பயரிடம் சண்டைக்குப் போய் விட்டனர் சிலர். என் மகளோ, 'இனிமே விளையாடவே மாட்டேன்'னு ஒரே அழுகை.

மறுநாள், பி.டி., டீச்சரிடம் விவரம் கேட்டேன். அழகாக விளக்கினார்.

பந்து உயரே போனால், பேஸில் நிற்பவர்கள் ஓட முடியாது. பிடித்து விட்டால், திரும்பி வர வேண்டுமே! இதைப் பயன்படுத்தி, எதிரணியினர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டால், நிற்பவர்கள் ஓடியே ஆக வேண்டும். பேஸுக்கு பேஸ், 60 அடி. கால்களை விட, எறியும் பந்து சீக்கிரம் போய்விடும். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கி விடலாம். இந்தத் தந்திரத்தைத் தடுக்கவே, அடித்தவளை மட்டும் அவுட் என்று முதலிலேயே அறிவித்து விடுகிறார், அம்பயர். அதன்பின், மற்றவர்கள் ஓட வேண்டிய கட்டாயமில்லை. ஓடினால், அது அவரவர் பொறுப்பு.

முதல் இரண்டு பேஸிலோ, மூன்றிலுமோ ஆள் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஏற்கனவே அவுட் ஆகியிருக்கக் கூடாது. பந்து கோட்டுக்கு உள்ளேயே விழ வேண்டும். மட்டையால் லேசாகத் தட்டி விடும், 'பன்ட்' பந்துக்கும், தாழ்வாகப் பாயும் பந்துக்கும் இது பொருந்தாது.

'சிரமமின்றிப் பிடிக்கக் கூடிய பந்தா' என்பதை முடிவு செய்வது, அம்பயர் மட்டுமே. அதை எதிர்த்து வாதாட முடியாது. ஆனால், இரண்டு பேர் அவுட் ஆன பின்னும் இப்படி அறிவித்தால், அது விதியையே மீறுவது. அதை, பயிற்சியாளர் கேட்கலாம்.

அன்று இரவே, சமையலறைத் தரையில் நாலு டம்ளரை பேஸாக வைத்து, மகளுக்குப் புரிய வைத்தேன். 'அப்போ, நான் நின்ன இடத்துலயே நின்னுருக்கலாமாம்மா?' என்றவள், மறுநாளே பயிற்சிக்குக் கிளம்பி விட்டாள்.

தாய்மார்களே... பிள்ளைகளைக் கை தட்டி உற்சாகப்படுத்துங்கள். ஆனால், ஓடுவதா, நிற்பதா என்பதை மட்டும், அம்பயர் குரலையும், பயிற்சியாளர் குரலையும் கேட்டு, அவர்களே முடிவு செய்யட்டும்!

— ஒரு வாசகி, திருச்சி.