வாடையும் ஆர்க்டிக்கும்

பெருங்கடவிளையில் ‘வாடை’ என்றால் பிள்ளைகள் மூக்கைப் பொத்தக்கூடும். மலையாளத்தில் ‘வாட’ என்பது நாற்றம். பேச்சுத் தமிழிலும் அப்பொருள் உண்டு. இலக்கியத்தில் வரும் வாடையோ வேறு. ‘வட’ என்னும் திசைச்சொல்லின் அடியாகப் பிறந்து, வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றைக் குறிப்பது அது. தெற்கிலிருந்து வருவது தென்றல்.

நக்கீரர் பாடிய நூலின் பெயர் நெடுநல்வாடை. பிரிவால் வருந்தும் அரசிக்கு அக்குளிர்காலம் நீண்டதாகத் தோன்றியது, ஆகவே ‘நெடு’. பாசறையில் இருந்த அரசனுக்கோ வெற்றிக்குரிய காலம், ஆகவே ‘நல்’. ஒரே காற்றுக்கு இரு அடைமொழிகள்!

வாடையைப் போலவே, வடதுருவக் குளிர்ப்பகுதியின் பெயரான ‘ஆர்க்டிக்’ என்பதும் வடதிசையை ஒட்டிப் பிறந்தது. ‘ஆர்க்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கரடி என்று பொருள். பனியில் வாழும் வெண்கரடி அன்று. வடவானில் தோன்றும் கரடி விண்மீன் கூட்டம். அக்கூட்டத்தின் ஏழு ஒளிமீன்களைப் பழந்தமிழர் ‘எழுமீன்’ என்றனர்.